கண்ணால பார்த்த சாட்சி

அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுங்க தம்பி. காத்துல நான் பேசுறது உங்களுக்குக் கேக்காது. தொண்டை முன்ன மாதிரி இல்ல. ஒரு காலத்துல பின் படியில நின்னு ஒரு குரல் கொடுத்தேன்னா, ரோட்டுல படுத்துக் கெடக்குற மாடு எந்திரிச்சு ஒதுங்கும். கண்டக்டரா இருந்தேன் தம்பி. இதே ரூட்டுதான். போன வருஷந்தான் ரிட்டையர் ஆனேன்.

நீங்க ஒட்டன்சத்திரம் டிக்கெட் கேட்டதைப் பார்த்தேன். மார்க்கெட்டுலயா வேலை? கமிஷன் மண்டியா? அப்ப ரொம்பச் சரி. நாலு ஊரு ஆளு வந்து போற இடம். சொல்ற சொல்லு நாலு ஊருக்குப் போகும்.

உங்க மூஞ்சியைப் பார்த்தேன், இவருகிட்டச் சொல்லலாம்னு தோணுச்சு. மூஞ்சி பார்க்குறதுல நான் தோத்ததே இல்ல. டிக்கெட் எடுக்காம வர்றவனை, படியில கால் வைக்கும்போதே சொல்லிருவேன். ஒரு தடவை ஒரு வெள்ளை வேட்டி. டிக்கெட் எடுத்தேங்க, எங்கயோ விழுந்துருச்சுங்கன்னு கையெடுத்துக் கும்பிடுறான். இந்தக் கும்பிடு எல்லாம் என்கிட்டச் செல்லுமா? செம்பட்டி தாண்டி நல்ல மழையில இறக்கி விட்டேன். அப்புறம் சீட்டுக்கடியில ஒரு டிக்கெட் கெடந்துச்சு. அந்தாளோடதா இருக்கும்யான்னு டிரைவர் சொன்னாரு. எவனோடதோ. பஸ்ஸுன்னா கீழ டிக்கெட் கெடக்கத்தான் செய்யும்.

இப்ப எதுக்குப் போறேன்னு கேக்குறீங்களா? ஒருத்தனைப் பார்க்கப் போறேன். இருளப்பன்னு பேரு. உங்க ஊரு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, ஒரு மாடிப்படிக்குக் கீழ செல்போன் ரிப்பேர் கடை போட்டிருக்கானாம். பார்த்திருப்பீங்களோ என்னவோ. நெட்டையா, கொஞ்சம் கூன் போட்டு நிப்பான். பார்த்தா பச்சைத்தண்ணி மாதிரி இருப்பான். என் மகனைக் கொன்னவன் தம்பி அவன்.

நவநீதன்னு பேரு என் மகனுக்கு. ஒரே பய. ஐடிஐ படிச்சுட்டு ஏசி மெக்கானிக்கா வேலைக்குப் போனான். நல்ல வேலைக்காரன், வீட்டுல உக்கார மாட்டான். அவனுக்கு ஒரு கூட்டாளி, பிரதாப்புன்னு. பள்ளிக்கூடத்துல இருந்து ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டே திரிஞ்சாய்ங்க. அந்தப் பய என் வீட்டுச் சோத்தைத் தின்னு வளர்ந்தவன். என்னைய அப்பான்னுதான் கூப்பிடுவான். பெத்த மகன்கூட என்னைய 'யோவ்'னு பேசியிருக்கான், கடைசி கடைசியா. பிரதாப் ஒரு நாள் பேசினதில்ல.

கடைசி வருஷம் நவநீதன் முழுக்கைச் சட்டையாப் போட ஆரம்பிச்சான். நல்ல கத்திரி வெயில்ல முழுக்கை. என் வீட்டுக்காரி சுப்புத்தாய் சொன்னா, "ஏங்க, அவன் கைய ஒருக்கா மடிச்சுப் பாருங்க"ன்னு. வயசுப் பய சட்டையை நான் போய் அவுத்துப் பார்க்கவான்னு சத்தம் போட்டேன். ஸ்டைலுக்குப் போடுறான்னு நினைச்சேன். எந்தத் தகப்பன் அப்படி நினைக்க மாட்டான்?

அப்புறம் ஒரு நாள் டூட்டியில இருக்கேன், போன் வருது. மூடிக் கெடக்குற ரைஸ் மில்லுக்குப் பின்னால விழுந்து கெடந்திருக்கான். வலிக்குக் கொடுக்குற மாத்திரையை நரம்புல ஏத்துறாய்ங்களாம். அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்கு அன்னைக்குத்தான் தெரியும். ஆட்டோவுல தூக்கிப் போட்டுக்கிட்டு வந்தது பிரதாப்தான். ஆஸ்பத்திரி வாசல்ல வரும்போதே உசுரு இல்ல. பிரதாப் என் காலைக் கட்டிக்கிட்டு அழுதான் பாருங்க, அந்த அழுகை ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்துச்சு. அவன் புத்தியையும் பாருங்க. பக்கத்துல கெடந்த ஊசி, மாத்திரை அட்டை எல்லாத்தையும் பொறுக்கித் தூரப் போட்டுட்டுத்தான் ஆட்டோவையே கூப்பிட்டிருக்கான். "போலீஸ் பார்த்தா நவநீதன் பேரு கெட்டுரும்ல அப்பா"ன்னான். நவநீதன் செல்போனையும் கெணத்துல போட்டுட்டானாம். "அதுல கண்ட கண்ட மெசேஜ் இருக்குப்பா, அம்மா பார்த்தா தாங்க மாட்டாங்க"ன்னான். அந்த நேரத்துல எவனுக்குத் தம்பி அம்புட்டு யோசனை வரும்?

காரியம் முடிஞ்சு நான் சுவத்தைப் பார்த்து உக்காந்திருக்கேன். பிரதாப் பக்கத்துல வந்து உக்காந்தான். மெதுவாச் சொல்றான், "அப்பா, செல்போன் கடை இருளப்பன்தான்ப்பா மாத்திரை கொடுத்தது"ன்னு.

சொன்ன நிமிசம் எனக்குப் பொறி தட்டிருச்சு. ஏன்னா நான் பார்த்திருக்கேன்! இந்த ரெண்டு கண்ணால பார்த்திருக்கேன். மகன் சாகுறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால, எங்க ஊருல அப்ப இருளப்பன் வச்சிருந்த கடையத் தாண்டி நம்ம வண்டி போகுது. நான் படியில நிக்கிறேன். கடை முன்னால நவநீதன். இருளப்பன் ஒரு காகிதத்துல எதையோ மடிச்சு அவன் கையில வச்சு, கையைப் பொத்தி விடுறான். கையைப் பொத்தி விடுறான் தம்பி! நல்ல பொருளைக் கொடுக்குறவன் கையை ஏன் பொத்தணும்?

ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் நல்ல மனுசன், உக்கார வச்சுக் கேட்டாரு. கேட்டுட்டு, "ஐயா, போதைப்பொருள் கேஸுல பொருள் சிக்கணும். அதை லேபுக்கு அனுப்பி, இன்னதுதான்னு ரிப்போர்ட் வரணும். பார்த்தேன்னு ஒருத்தர் சொல்றதை மட்டும் வச்சு நிக்காது"ன்னாரு. நான் கேட்டேன், "கொலையை ஒருத்தன் பார்த்தா சாட்சிதானே சார்? தகப்பன் பார்த்தா மட்டும் சாட்சி இல்லையா?"  அவரு எனக்கு ஒரு டீ சொல்லி விட்டாரு.

நான் விடல. திங்கக்கெழமை ஆனா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல மகன் போட்டோவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு உக்காந்துருவேன். பேப்பர்ல படம் வந்துச்சு. அப்புறம்தான் கடையச் சோதனை போட்டாய்ங்க. என்ன சிக்குச்சு? ஒடைஞ்ச போனு, பேட்டரி, ஸ்க்ரூ டிரைவர். வீட்டுல அரிசி டிரம்மைக் கவுத்திப் பார்த்தாய்ங்க. ஒண்ணுமில்ல. ஒரு அட்டைகூட இல்ல. பாத்தீங்களா? எம்புட்டுக் கெட்டிக்காரனா இருந்தா ஒண்ணுமே சிக்காம வச்சிருப்பான்! சின்ன யாவாரியா இருந்தா ஒரு மாத்திரையாவது சிக்கியிருக்கும். ஒண்ணும் சிக்கலைங்கிறப்பவே தெரிய வேணாமா, இவன் பெரிய கையின்னு?

நானும் பிரதாப்பும்தான் சாட்சி. ஒரு வழியாக் கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. இருளப்பனுக்கு ஒரு வக்கீலம்மா. சின்ன வயசு, என் தோளுக்குத்தான் இருக்கும். குரலை ஒசத்தவே இல்ல அந்தம்மா.

"பஸ் நின்னுச்சா, ஓடுச்சா?"ன்னு கேட்டாங்க.

"மெதுவாப் போச்சும்மா."

"அந்தப் பொட்டலத்துல என்ன இருந்துச்சு?"

"மாத்திரை."

"பிரிச்சுப் பார்த்தீங்களா?"

"பிரிச்சாத்தான் தெரியுமா? என் பையன் செத்துப் போனானேம்மா, அது தெரியலையா?"

"போலீஸ்ல பொட்டலம்னு மட்டும்தான் சொல்லியிருக்கீங்க. மாத்திரைன்னு சொல்லவே இல்லையே?"

"பொட்டலத்துக்குள்ளதாம்மா மாத்திரை இருந்துச்சு."

பின்னால ஒருத்தன் சிரிச்சான். ஜட்ஜ் நிமிந்து பார்த்ததும் அடங்கிட்டான். அந்தச் சிரிப்பை நான் மறக்கல.

"உங்க மகனுக்கு மாத்திரை கொடுத்தது இவருதான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பிரதாப் சொன்னான். அவன் எல்லாம் பார்த்தவன். அவனையே கேளுங்க"ன்னேன்.

பிரதாப்பைக் கூப்பிட்டாய்ங்க. கூண்டுல ஏறி நின்னான். "எனக்கு எதுவும் தெரியாதுங்க. நான் எதையும் பார்க்கல. போலீஸ் எழுதிக்கிட்டதுல கையெழுத்துப் போட்டேன், அம்புட்டுத்தான்"னு சொல்லிட்டு இறங்கிட்டான். பிறழ் சாட்சின்னு சொன்னாய்ங்க. எனக்கு அவன் மேல கோவமே வரல தம்பி. பயந்த சுபாவம். இருளப்பன் ஆளு வச்சு மிரட்டியிருப்பான். வெளிய வந்து என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அப்பா, கூண்டுல ஏறுனா ஆயிரம் கேள்வி கேப்பாங்கப்பா, என் பேரு எதுக்கும் வர வேணாம்ப்பா"ன்னு கண் கலங்குனான். எப்படிக் கோவப்படுறது?

தீர்ப்பு அன்னைக்கு ஜட்ஜ் என்னையப் பார்த்தே சொன்னாரு. "பெரியவரே, உங்க மகன் செத்தது உண்மை. உங்க துக்கமும் உண்மை. பார்த்தவர் சொல்லு மட்டுமே போதும்னு சில வழக்குல எடுத்துக்கலாம். ஆனா இங்க கைமாறுனது என்ன பொருள்னே தெரியல. புடிபடவும் இல்ல, சோதிக்கவும் இல்ல. ஓடுற பஸ்ஸுல இருந்து ஒரு காகிதத்தைப் பார்த்தேன்னு நீங்க சொல்றதை வச்சு ஒரு மனுசனை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது"ன்னாரு. விடுதலை.

வராண்டாவுல அந்த இருளப்பன் என் முன்னால வந்து நின்னான். பொண்டாட்டியும் கூட. "அண்ணே, சத்தியமா நான் இல்லண்ணே. உங்க பையனுக்குப் போன் சரி பண்ணிக் கொடுத்தேன், வேற ஒண்ணும் தெரியாதுண்ணே"ன்னு கும்பிட்டான். கும்பிட்டான் தம்பி. நான் பார்க்காத கும்பிடா? அவன் காலடியில காறித் துப்பிட்டு வந்தேன்.

பஸ்ஸுல வரும்போதே முடிவு பண்ணிட்டேன். கோர்ட்டு விட்டா விட்டுட்டுப் போகுது. நான் விடணுமா? சாட்சி சொன்னாப் போதாதுன்னு கோர்ட்டுலதானே சொன்னாய்ங்க. ஊருல போதும்ல?

மறுநாள் காலையில கடை திறக்குற நேரத்துக்கு எதிர்த்தாப்புல போய் நின்னேன். காக்கிச் சட்டையைப் போட்டுக்கிட்டேன். விசிலை எடுத்து ஒரு நீட்டு நீட்டினேன். ரோடே நின்னுச்சு. அப்புறம் எடுத்தேன் குரலை. "மாத்திரைக் கடை! மாத்திரைக் கடை! ஊசி போடுறவன் எல்லாம் எறங்கு! சுடுகாடு போறவன் எல்லாம் எறங்கு!"

ஸ்டாப் கூப்பிடுற மாதிரியேதான். தினமும். மழையில குடை புடிச்சுக்கிட்டுக் கத்தியிருக்கேன், காய்ச்சலோட கத்தியிருக்கேன். மொதல்ல சனம் வேடிக்கை பார்த்துச்சு. அப்புறம் ஒரு மாதிரியாப் பார்க்க ஆரம்பிச்சது அவனை. புள்ளைகளைப் பெத்தவங்க அந்தக் கடைப் பக்கம் அனுப்பல. ரிப்பேருக்குக் கொடுத்த போனைத் திருப்பி வாங்கிட்டுப் போனாய்ங்க. போலீஸ் வந்து என்னைய ரெண்டொரு தடவை கூட்டிட்டுப் போயி, புத்தி சொல்லி அனுப்பினாய்ங்க. நான் நேரா மறுபடி அங்கதான் வருவேன்.

அவனுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு, பள்ளிக்கூடம் போற புள்ள. அதை மத்த புள்ளைங்க 'மாத்திரை, மாத்திரை'ன்னு கூப்பிட்டாய்ங்களாம். பள்ளிக்கூடம் போறதை நிப்பாட்டிருச்சு. அதைக் கேட்டப்போ எனக்குச் சந்தோஷமா இருந்துச்சான்னு கேக்காதீங்க. இருந்துச்சு. பொய் எதுக்குச் சொல்லணும்? ராத்திரி நல்லாச் சாப்பிட்டேன். மகன் போனதுல இருந்து அன்னைக்குத்தான் சோறு எறங்குச்சு.

அப்புறம் ஒரு நாள் அவன் பொண்டாட்டி வளர்மதி என் வீட்டுக்கே வந்துட்டா. நான் வாசல்லயே நிறுத்தினேன். சுப்புத்தாய்தான் உள்ள கூப்பிட்டு, தண்ணி கொடுத்து உக்கார வச்சா. அந்தப் பொம்பளை அழுவான்னு பார்த்தேன். அழல.

"அன்னைக்கு அந்தக் காகிதத்துல இருந்தது மெமரி கார்டு. போன் தண்ணியில விழுந்து போட்டோவெல்லாம் போச்சுன்னு உங்க மகன் வந்தாரு. இவரு உக்காந்து ஒவ்வொண்ணா மீட்டுக் கொடுத்தாரு. சின்னது, தொலைச்சிரக் கூடாதுன்னு மடிச்சுக் கையில வச்சுப் பொத்திக் கொடுத்தாரு. அதைத்தான் நீங்க பார்த்தது"ன்னா.

"கதை நல்லாத்தான் இருக்கு"ன்னேன்.

"கதைன்னே வச்சுக்கங்க. மாத்திரை யாரு கொடுத்தான்னு உங்க வீட்டுல சோறு தின்னவனைக் கேளுங்கண்ணே. உங்க மகன் போனை அவன் எதுக்குக் கெணத்துல போட்டான்? அந்த மில்லுக்குப் பின்னால அவனுக்கு என்ன வேலை? ஊருக்கே தெரியும், உங்களுக்கு மட்டுந்தான் தெரியல."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம். செத்தவன் கூட்டாளி மேல பழி போடுறா பாருங்க. வெளிய போடின்னு கத்துனேன். எந்திரிச்சுப் போயிட்டா.

அவ போனதுக்கப்புறம் சுப்புத்தாய் சொம்பைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கிறா. "ஏங்க, பிரதாப்பைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்களேன்"ங்குறா.

"அவனையா கேக்கச் சொல்ற?"

"அந்தக் காகிதத்துல மாத்திரையத்தான் பார்த்தீங்களா? எனக்கு மட்டும் சொல்லுங்க. சத்தியமாப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டி"ன்னேன். பார்த்தேன் தம்பி. இப்பக் கண்ண மூடினாக்கூடத் தெரியுது. வெள்ளை மாத்திரை. சில்வர் அட்டை. வெயில்ல பளபளன்னு அடிச்சுச்சு. வக்கீலம்மா கேட்டப்போ இம்புட்டுத் தெளிவா வரல, இப்ப வருது. சொல்லச் சொல்லத்தான் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது.

சுப்புத்தாய் அதுக்கப்புறம் என்கூடப் பேச்சை நிப்பாட்டிட்டா. உசிலம்பட்டியில அவ அண்ணன் வீடு. ஒரு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. பொம்பளைக்கு மனசு எளகிப் போச்சு. அந்த வளர்மதி ஏதோ மருந்து வச்சாப்புல பேசிட்டுப் போயிட்டா. வந்துருவா, எங்க போகப் போறா.

கடைசியில கட்டடக்காரரு இருளப்பனைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. ஒரு தட்டு வண்டியில சாமானை ஏத்திக்கிட்டுப் போனாய்ங்க. நான் அன்னைக்கும் போய் நின்னு, வண்டி நகரும்போது ரெண்டு விசில் கொடுத்தேன். போலாம் ரைட்டுன்னு!

அந்த எடத்தைப் பிரதாப்தான் எடுத்திருக்கான். எம்புட்டுப் பொருத்தம் பாருங்க. ஜூஸ் கடை போடப் போறேன்ப்பா, நீங்கதான் ரிப்பன் வெட்டணும்னான். வெட்டினேன். உள்ள நுழைஞ்சா நவநீதன் படத்தைப் பெருசாப் போட்டு மாலை மாட்டி வச்சிருக்கான். கிட்டப் போயி அந்தப் படத்தைத் தொட்டுக் கும்பிட்டேன். இன்னும் மிக்ஸிகூட வாங்கல, பழமும் வந்து எறங்கல. ஆனா கூட்டத்தைப் பார்க்கணும் நீங்க! வயசுப் பயலுக சாயங்காலமானா ஈ மொய்ச்சாப்புல நிக்கிறாய்ங்க. வர்றாய்ங்க, ஒரு நிமிசம் நிக்கிறாய்ங்க, போயிர்றாய்ங்க. பேச்சுல கைதேர்ந்தவன், ஒரு கடைய ஆரம்பிச்சாலே ஆளு சேருது. புது பைக்கு வாங்கிட்டான். அதுலதான் இன்னைக்கு என்னைய பஸ் ஸ்டாண்டுல கொண்டாந்து விட்டான். இருளப்பன் உங்க ஊருல இருக்கான்னு விசாரிச்சுச் சொன்னதும் அவன்தான். "விட்றாதீங்கப்பா"ன்னான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான், ராசா மாதிரி இருந்தான்.

செம்பட்டி தாண்டிருச்சா? பேசிக்கிட்டே வந்ததுல தெரியல.

ஒரே ஒரு உதவி தம்பி. எனக்கு உங்க ஊருல ஆளு தெரியாது. நான் கத்துனா கிறுக்கன்னு சொன்னாலும் சொல்வாய்ங்க. அதே உள்ளூர்க்காரரு ஒருத்தரு மண்டியில வச்சுச் சொன்னா பேச்சே வேற. மூட்டை தூக்குறவன், லோடு லாரிக்காரன், காய் கொண்டு வர்ற சம்சாரி, எல்லாருகிட்டயும் ஒரு வார்த்தை போடுங்க. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மாடிப்படிக்குக் கீழ மாத்திரை விக்கிறான்னு. ஆனா ஒண்ணு. பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாருன்னு சொல்லாதீங்க. கேள்விப்பட்டதுன்னா ஒருத்தனும் மதிக்க மாட்டான். நீங்களே பார்த்ததாச் சொல்லுங்க. சில்வர் அட்டை, வெள்ளை மாத்திரை, ஒரு பையன் கையில வச்சுப் பொத்துனான், நான் கண்ணால பார்த்தேன்னு. நான்தான் எல்லாம் சொல்லிட்டேனே, பார்த்தாப்புலதானே?

என்ன தம்பி, எந்திரிச்சுட்டீங்க? ஒட்டன்சத்திரம் இன்னும் வரலையே. முன்னால எடம் இருக்குன்னா போறீங்க? இங்கயே நல்லாத்தானே இருக்கு. தம்பி... சரி, போங்க. ஆளைப் பார்த்தா நல்ல ஆளாத் தெரிஞ்சுச்சு.

வாங்கம்மா, கூடையை இந்தப் பக்கம் வச்சுட்டு உக்காருங்க. எந்த ஊரு நீங்க? ஒட்டன்சத்திரமா? பேரப்புள்ளைக இருக்கா வீட்டுல? இருக்குல்ல. அப்ப நீங்க இதைக் கட்டாயம் கேக்கணும். அந்த ஷட்டரைக் கொஞ்சம் இறக்கி விடுறேன், இருங்க.